காபியில் கலக்காதே, அக்கா

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் உன் குரலில் ஒரு மாதத்துக்குப் பிறகு தெம்பு இருந்தது. "பெரியவன் ராத்திரி தூங்குறான்டி, கூட ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுறான், ஜன்னலைச் சாத்து சாத்துன்னு சத்தம் போடுறதில்ல" என்றாய். கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாத்திரையைப் பொடி பண்ணிக் காபியில கலந்துடுறேன், அவனுக்குத் தெரியாது, அத்தான் சொன்ன யோசனைதான்" என்றாய். நான் "சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன். வார்டு வாசலில் நின்றுகொண்டு பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது. ராத்திரி படுத்தும் அந்தக் காபி டம்ளர்தான் கண்ணுக்குள் நின்றது. அதனால் எழுதுகிறேன். அத்தானும் படிக்கட்டும். பெரியவன் எடுத்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அதற்கு முன்னால் நீ அவனிடம் உன் வாயால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. 27 வருஷம் மனநல வார்டில் வேலை பார்த்தவளுக்குத் தெரியும், ஒரு தாய் எந்த நிலைமைக்கு வந்த பிறகு சோற்றில் மருந்தைக் கலக்கிறாள் என்று. ஓ.பி.யில் என் மேஜைக்கு வருகிற அம்மாக்களில் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். டாக்டரிடம் சொல்லத் தயங்கி, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். ரசத்தில், இட்லிப் பொடியில், தோசை மாவில். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான், அறையைப் பூட்டிக்கொள்கிறான், வேறு என்ன செய்ய, என்று அவர்கள் கேட்கும்போது நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. நான் கடிந்துகொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நானே அதைச் செய்திருக்கிறேன். உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அப்போது நான் இருந்த ஆஸ்பத்திரி வேறு. பெண்கள் வார்டில் நாற்பது வயதுள்ள ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். புருஷனும் மாமியாரும் விஷம் வைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு நோய் கொடுத்த பயம். மாத்திரையை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். ஒருநாள் மாலை டியூட்டியில் நான் ஒருத்திதான். படுக்கை முப்பதுக்கு மேல். மாத்திரையை நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்துவிட்டேன். சாப்பிட்டார்கள். நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் பல்லில் ஒரு துணுக்கு கடிபட்டுவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிச் சோறு அவர்கள் வாயில் படவில்லை. தோல் உரிக்காத வாழைப்பழம், ஓடு உடைக்காத முட்டை, கண்ணெதிரே சீவின இளநீர், இவ்வளவுதான். நினைத்துப் பார், அக்கா. யாரோ நம் சாப்பாட்டில் என்னமோ கலக்கிறார்கள் என்று ஒரு மனுஷி வருஷக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அது நோய், அப்படி யாரும் செய்யவில்லை என்று நாங்கள் எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே சமயம் நான் கலந்துகொண்டிருக்கிறேன்.

இன்சார்ஜ் சிஸ்டருக்கு விஷயம் போயிற்று. என்னைச் சத்தம் போடவில்லை. "நீ போய்ச் சொல்லு" என்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு தட்டில் சாதம் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தயிர்சாதத்துல போட்டது உங்க மாத்திரைதான். சொல்லாம போட்டது நான். தப்பு. இனிமே போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன். அவர்கள் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. பதினோரு நாள் அப்படியே போய் உட்கார்ந்தேன். பதினோராம் நாள் தன் தட்டை விட்டுவிட்டு என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரைக்கு அதற்கப்புறமும் ஒரு வாரம் ஆனது. ஆனால் அந்த மாத்திரையை அவர்களே கை நீட்டி வாங்கினார்கள். ட்ரெயினிங்கில் படித்த பாடத்தையெல்லாம் விட அந்தப் பதினோரு நாள்தான் என்னை நர்ஸ் ஆக்கியது.

இப்போது நம் பெரியவனைப் பற்றி. ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றுதானே அவனுக்கும் முதலில் ஆரம்பித்தது? டம்ளர் அடியில் வெள்ளையாக ஒரு வண்டலை அவன் பார்க்கிற நாள் வரும், அக்கா. அன்றைக்கு அவனுடைய பயத்துக்குச் சாட்சி சொன்னது நீ என்று ஆகிவிடும். உலகத்தில் எல்லாரும் எனக்கு எதிரி, அம்மா மட்டும் இல்லை என்று அவன் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கயிறு நீ.

இன்னொன்று. அவனுக்கு எழுதிக் கொடுத்திருப்பது ரிஸ்பெரிடோன். அதற்கென்று சில தொல்லைகள் உண்டு. கை நடுங்கும், உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகும், எச்சில் ஒழுகும். சிலருக்கு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவன் "சித்தி, கை நடுங்குது" என்று சொல்வான். அளவைக் குறைக்கலாம், மாற்று மருந்து சேர்க்கலாம். தெரியாதவன் என்ன நினைப்பான்? யாரோ தன் உடம்புக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். அவன் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

அப்புறம் அளவு. பாதி காபியை வைத்துவிட்டுப் போனால் பாதி மருந்து. அவன் ஆற வைத்துக் கொட்டிவிட்டால் அதுவும் இல்லை. டாக்டருக்கு இது தெரியாது. மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார், கூட்டின நாளில் அவன் முழு டம்ளரையும் குடித்துவைப்பான். சில மாத்திரைகள் மெல்லக் கரைகிற மாதிரி செய்யப்பட்டவை, அவற்றைப் பொடிக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவன் இப்போது தேறி வருகிறானே, எதனால் தேறினான் என்று அவனுக்குத் தெரியாது. நாளைக்குக் காலேஜுக்குத் திரும்பிப் போவான். அங்கே யார் காபி கலந்து கொடுப்பார்கள்? முதல் தடவை வந்த நோய் என்றாலும் குறைந்தது ஒன்றிரண்டு வருஷம் மருந்து தொடர வேண்டியிருக்கும். அத்தனை நாள் எப்படி மறைப்பாய்?

சரி, என்ன செய்வது? இதைத்தான் விவரமாக எழுத நினைத்தேன்.

முதலில் டாக்டரிடம் நீயும் அத்தானும் உள்ளதைச் சொல்லுங்கள், எத்தனை நாளாகக் கலக்கிறீர்கள், எவ்வளவு என்று. அவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. திடீரென்று மருந்தை நிறுத்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைக்காதே. நிறுத்தினால் சில நாளிலேயே தூக்கம் போய்விடும். பிறகு அவனிடம். காலை வேளை, அவன் தெளிவாக இருக்கிற நேரம், வீட்டில் கூட்டம் இல்லாதபோது. பத்து பேர் சுற்றி நின்று சொல்லாதீர்கள். நீளமாக விளக்கவும் வேண்டாம். "நீ மாத்திரை வேண்டாம்னதும் எனக்குப் பயமாப் போச்சு. காபியில கலந்தேன். சொல்லாம செஞ்சது தப்பு. இனிமே உனக்குத் தெரியாம எதுவும் தரமாட்டேன்." இவ்வளவு போதும். 'உன் நல்லதுக்குத்தான்' என்று சேர்க்காதே. அந்த வார்த்தை மன்னிப்பைத் தின்றுவிடும். கோபப்படுவான், தட்டைத் தள்ளுவான், இரண்டு நாள் பேசாமல் இருப்பான். இருக்கட்டும். அதற்கு அவனுக்கு நியாயம் இருக்கிறது.

அதற்கப்புறம் மாத்திரைக்கு ஒரு நேரம் வை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. அட்டையை அவன் கையிலேயே கொடு, அவனே பிரிக்கட்டும். பெயரைப் படிக்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கேள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று சோதிப்பதெல்லாம் வார்டில் நாங்கள் செய்கிறோம். வீட்டில் செய்தால் நீ அம்மா ஸ்தானத்திலிருந்து போலீஸ் ஸ்தானத்துக்குப் போய்விடுவாய். "ஏன் சாப்பிட மாட்டேங்குற?" என்று கேட்காதே. "சாப்பிட்டா உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேள். அநேகமாக ஒரு காரணம் வெளியே வரும். தூங்கித் தூங்கி விழுகிறேன், எடை கூடுகிறது, இந்த மாதிரி. அதற்கெல்லாம் வழி உண்டு. தினமும் மாத்திரை ஒத்தே வராது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது. அதுவும் அவனிடம் கேட்டுத்தான்.

அவனிடம் கேட்பது நம் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை அவனுடைய உரிமை என்கிறது. தனக்கு என்ன நோய், என்ன மருந்து, அதன் பக்க விளைவுகள் என்னென்ன என்று தெரிந்துகொள்கிற உரிமை. தன் சார்பில் பேச யாரை நியமிக்க வேண்டும், மறுபடி உடம்புக்கு வந்தால் எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கிற உரிமை. ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லிக் கட்டிப்போடக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு என் பழைய மாலை டியூட்டிதான் ஞாபகம் வந்தது. ஒருத்தி, முப்பது படுக்கை. ஆள் இல்லை என்பது என் கஷ்டம். அதற்கான கூலியை அந்த டீச்சரம்மா கொடுக்கக் கூடாது.

உன் மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார்கள் என்றாய். கும்பிடப் போகட்டும், துவா கேட்கட்டும், குணசீலம் பெருமாளிடமும் போகட்டும், நானே கூட வருகிறேன். நம்பிக்கையை நான் தடுக்கமாட்டேன். ஆனால் மாத்திரை கூடவே வரவேண்டும், அங்கே அவனை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்களே, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல். அந்த வாரம் முழுக்க எங்கள் வார்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர்களையும் வீட்டார்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், அக்கா. பாசம் இல்லாதவர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள்.

குரல் கேட்கிறது என்கிறானே, அதற்கு என்ன சொல்வது என்று கேட்டாய். "அப்படி ஒண்ணும் இல்லடா" என்றால் நீ நம்பவில்லை என்று ஆகிறது. "ஆமா, கேக்குது" என்றால் பொய். "எனக்குக் கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா? நான் பக்கத்துல இருக்கவா?" என்று சொல். குரலைப் பற்றி வாதாடாமல் பயத்தைப் பற்றிக் கேள். பயம் உண்மையானது, அதில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம். சிலருக்கு இயர்போனில் பாட்டு கேட்டால் குரல் அடங்கும், சிலருக்கு வாய்க்குள் முணுமுணுத்துப் பாடினால். அவனுக்கு எது உதவுகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல். மருந்து வேலை செய்தாலும் தூக்கம்தான் முதலில் சரியாகும், குரல் குறைய வாரக்கணக்கில் ஆகும்.

கேஷுவால்டியில் அன்றைக்கு அவனுக்கு இரண்டு ஊசி போட்டுத் தூங்க வைத்ததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். அது ஹாலோபெரிடால், கூட ஃபெனர்கன். வேலூரில் 200 பேரிடம் சோதித்து 2004-ல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள், சீக்கிரம் அமைதிப்படுத்துகிறது என்று. ஹாலோபெரிடால் தனியாகப் போட்டால் சிலருக்குக் கழுத்து கோணிக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். கூடப் போடுகிற ஃபெனர்கன் அதையும் தடுக்கிறது. இப்போது சாப்பிடுகிற மாத்திரையிலும் அபூர்வமாக அப்படி வரலாம். பார்ப்பதற்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். வேப்பிலை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ; ஊசி போட்டால் அநேகமாக அரை மணி நேரத்துக்குள் நேராகிவிடும். ஆனால் கடுமையான காய்ச்சல், உடம்பு விறைப்பு, பேச்சில் குழப்பம், மூன்றும் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஓடு. வருவது அரிது, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதா மாதம் எடை பார், டாக்டரிடம் கேட்டு சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதை எழுத எனக்கே கை வரமாட்டேன் என்கிறது. நோய் தெளியத் தெளிய ஒரு சோகம் வரும். படிப்பு போச்சே, கூடப் படித்தவன் எல்லாம் வேலைக்குப் போய்விட்டானே என்று. வார்டில் நாங்கள் அதிகம் கண் வைத்திருப்பது சத்தம் போடுகிறவர்கள் மேல் இல்லை. அமைதியாகிவிட்டவர்கள் மேல். அவன் முகம் அப்படி ஆனால் நேராகக் கேட்டுவிடு: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்ததாக ஆகாது. கேட்க ஒரு ஆள் கிடைத்தார் என்றுதான் ஆகும். அத்தானிடம் சொல், பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டிவைக்கச் செய்தார்கள், தற்கொலை குறைந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லாததே பல உயிரைக் காப்பாற்றும். நடுராத்திரி என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எனக்கும் பண்ணு, எந்த நேரமானாலும்.

அவன் விஷயத்தில் அத்தான் கோபமும் உன் அழுகையும் இரண்டுமே கொஞ்சம் குறையணும். லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்பவரும் கூட இருந்தவர்களும் எத்தனையோ வருஷம் முன்பே கண்டுபிடித்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினவர்களில், குறை சொல்லிக்கொண்டே இருக்கிற வீட்டிலும், கண் இமை மாதிரி பொத்திப் பொத்திக் காக்கிற வீட்டிலும் நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று. வீட்டார்தான் நோயை உண்டாக்கினார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதே. வேலூர் பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்குவது வழக்கம். இரண்டு பேரும் சேர்ந்து பழகிக்கொள்ளத்தான். உனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, பத்து நாள் அட்மிஷன், ஒரு மாத்திரைச் சீட்டு, வீட்டுக்குப் போங்கள். மீதியை நீயே தடவித் தடவிக் கற்றுக்கொண்டிருக்கிறாய். 'வேண்டாம், நீ சும்மா உட்காரு' என்று அவனை எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவைக்காதே. தண்ணி மோட்டார் போடுவது, கடைக்குப் போய்ப் பால் வாங்குவது, ஏதாவது ஒன்று அவன் பொறுப்பில் இருக்கட்டும்.

நீ எப்போது கடைசியாக முழு ராத்திரி தூங்கினாய்? போனில் கேட்க மறந்துவிட்டேன். அத்தானும் நீயும் மாற்றி மாற்றி முழித்திருங்கள். நர்ஸ்களுக்கே எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று ஷிப்ட் உண்டு. உனக்கு மட்டும் இல்லாமல் போக என்ன நியாயம்?

வியாழக்கிழமையோடு எனக்கு நைட் டியூட்டி முடிகிறது. வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை விடிகாலை கோவில்பட்டியில் இருப்பேன். அதற்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அவனிடம் சொல்கிறபோது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றினால் எனக்காகக் காத்திரு, உட்காருகிறேன். ஆனால் சொல்வது நீதான்.

சித்தி வருகிறேன் என்று அவனிடம் சொல். எனக்கு டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை அரை ஸ்பூன், அவனுக்கே தெரியும். சனிக்கிழமை காலைக் காபியை எல்லாருக்கும் அவனையே போடச் சொல்.

உன் தங்கை